பக்கத்துப் பலகை

2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. தா.பழூர் கடைவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் நானும் அக்கா மகனும் ஒரே செல்போனுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் இரண்டாவது அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. முதல் பலகையில் 16 வயது குகேஷ், எதிரே 17 வயது நோதிர்பெக் அப்துசத்தாரோவ்.

அதுவரை குகேஷ் அந்தத் தொடரில் தோற்கவே இல்லை. முதல் எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி. எட்டாவதாக விழுந்தவர் அமெரிக்காவின் கருவானா. ஒன்பதாவது சுற்றில் அஜர்பைஜானின் மாமெத்யரோவுடன் டிரா. பத்தாவது ஆட்டத்திலும் வெல்லக்கூடிய நிலை கைக்கு வந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. டிராவாக முடித்துக்கொண்டிருக்கலாம். அவர் விடவில்லை, இன்னும் வெற்றியைத்தான் தேடினார். கடிகாரத்தில் விநாடிகள் மட்டும் மிச்சமிருந்தபோது ஒரு தவறு. ஆட்டம் போயிற்று. எதிராளி எழுந்துபோன பின்னும் தலையைக் கையில் புதைத்துக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் பக்கத்தில் இருந்தவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "மாமா, குகேஷ் தோத்துட்டாருல்ல. அப்பறம் ஏன் ரெண்டுக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். அன்று ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் அவனுடைய அறியாமை இல்லை. சதுரங்கத்தைப் பற்றி நாம் எழுதிய கதைகளும் எடுத்த படங்களும் ஒட்டிய போஸ்டர்களும்தான் காரணம்.

*

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஒலிம்பியாட் என்பது அணிகளின் போட்டி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாட்டின் நான்கு பேர் இன்னொரு நாட்டின் நான்கு பேரோடு நான்கு பலகைகளில் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை. நான்கையும் கூட்டினால் அணியின் கணக்கு. அணி வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. பதினோரு சுற்று முடிவில் பதக்கத்தைத் தீர்மானிப்பது முதலில் இந்த அணிப் புள்ளிதான். நீங்கள் தனியாக எத்தனை வென்றீர்கள் என்பது அதற்குப் பிறகு.

அன்று குகேஷ் இழந்த ஒரு புள்ளியை இன்னொரு பலகையில் பிரக்ஞானந்தா எடுத்தார். சிந்தாரோவை வென்றார். மீதி இரண்டு பலகையும் டிரா. இரண்டுக்கு இரண்டு.

பிரக்ஞானந்தாவுக்கு அன்று 16 வயது, இரண்டு நாள் கழித்தால் 17. சிந்தாரோவுக்கும் 16. குகேஷ், அப்துசத்தாரோவையும் சேர்த்தால் அந்த இரண்டு பலகைகளில் இருந்த நால்வருமே பள்ளிக்கூட வயது. ஆனால் மறுநாள் பார்த்த இடமெல்லாம் ஒரே ஒரு படம்தான். தலையைப் புதைத்த பையன். அணி தோற்காமல் இருப்பதற்குக் காரணமான ஆட்டத்தின் படம் என் கண்ணில் படவே இல்லை. நானும் அதைத் தேடவில்லை. அந்தத் தோல்விப் படத்தை மூன்று பேருக்கு அனுப்பினேன், "பாவம்டா" என்று எழுதி.

ஏன் அப்படி? தோல்வி என்பதால் மட்டுமா? இல்லை என்று நினைக்கிறேன். ஒற்றை ஆள், ஒற்றைப் பலகை, ஒற்றைத் துயரம் என்ற சட்டகம் நமக்குள் முன்பே தயாராக இருந்தது. அந்தப் படம் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

*

இலக்கியம் இந்தச் சட்டகத்தை எப்படிச் செய்தது என்று பார்க்கலாம்.

சதுரங்கம் என்றதும் வாசகர்கள் முதலில் சொல்லும் பெயர் ஸ்டெஃபான் ஸ்வைக். பிரேசிலில் புலம்பெயர்ந்து இருந்தபோது எழுதிய அவருடைய சதுரங்கக் குறுநாவல், அவர் இறந்த 1942-இல் வெளியானது. நாஜிகளால் ஒரு ஓட்டல் அறையில் தனியாக அடைத்து வைக்கப்பட்ட டாக்டர் பி., திருட்டுத்தனமாகக் கிடைத்த ஓர் ஆட்டத் தொகுப்பை மனப்பாடம் செய்கிறார். அது தீர்ந்ததும் தன்னைத்தானே வெள்ளையாகவும் கறுப்பாகவும் பிளந்துகொண்டு ஆடுகிறார். மூளை கலங்குகிறது. பிறகு நியூயார்க்கிலிருந்து பியூனஸ் அயர்ஸ் போகும் கப்பலில் உலக சாம்பியனைச் சந்திக்கிறார்.

அதற்கு முன்பு, 1930-இல், நபோக்கவின் லூஷின். சதுரங்கத்துக்கு வெளியே வாழவே தெரியாதவன். முக்கியமான ஆட்டம் பாதியில் நிற்கும்போதே மனம் உடைந்து, கடைசியில் ஜன்னல் வழியாக விழுந்து சாகிறவன். இந்தப் பக்கம் வந்தால் பிரேம்சந்த். 1924-இல் வந்த அவருடைய கதையில் லக்னோவின் இரண்டு பிரபுக்கள், ஆங்கிலேயர் அவத் ராஜ்ஜியத்தை விழுங்கும் நேரத்தில் ஊரைவிட்டு ஓடி உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். ராஜாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் மர ராஜாவுக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். 1977-இல் சத்யஜித் ராய் அதைப் படமாக்கியபோது சாவை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் மறுபடி காயை அடுக்குகிறார்கள். சாவதைவிட அது கேவலம் என்று ராய் நினைத்திருக்கலாம்.

மூன்றுமே பெரிய படைப்புகள். நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றிலும் சதுரங்கம் என்பது உலகத்திலிருந்து கழன்றுகொள்வதற்கான வழி. ஆடுகிறவன் தனியன். தனிமை முற்றினால் பைத்தியம், இல்லாவிட்டால் துரோகம். பக்கத்தில் இன்னொரு பலகை இருக்கிறது, அங்கே உன் ஆள் ஒருத்தன் உனக்காகவும் ஆடிக்கொண்டிருக்கிறான் என்கிற எண்ணத்துக்கு இந்தக் கதைகளில் இடமே கிடையாது.

இவ்வளவு நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்காக ஸ்வைக்கை மறுபடி எடுத்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கப்பலில் உலக சாம்பியனோடு முதலில் மோதுவது டாக்டர் பி. இல்லை. பயணிகள் கும்பலாகச் சேர்ந்து, கலந்து பேசி, ஒரு பக்கமாக ஆடுகிறார்கள். தோற்றுப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் தடுக்கிறது. அதுதான் டாக்டர் பி. அவர் சொல்லச் சொல்லக் கும்பல் ஆடுகிறது. ஆட்டம் டிரா. பிறகு தனியாக உட்காருகிறார். முதல் ஆட்டத்தில் சாம்பியனையே வெல்கிறார். இரண்டாவதில் பழைய பிராந்து திரும்புகிறது.

அதாவது அந்தக் கதையில் யாரும் சேதமாகாமல் முடியும் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். பலர் கூடி ஆடிய ஆட்டம், சமனில் முடிந்த ஆட்டம். ஆனால் கதைக்கு அது வெறும் முன்கதை. நாமும் அதை அப்படித்தான் படித்துத் தாண்டுகிறோம். 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் 'குயின்ஸ் கேம்பிட்' பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். மாஸ்கோவில் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்ட பிறகு பெத் ஹார்மனின் பழைய நண்பர்கள் ஒன்றுகூடிப் போனில் அழைத்து ஆய்வு சொல்கிறார்கள். தொடரில் எனக்குப் பிடித்த இடம் அது. ஆனால் மறுநாள் பலகைக்கு வந்ததும் கதை அவர்களைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பெண்ணின் வெற்றியாகத்தான் முடிகிறது.

அணி உள்ளே வருகிறது. ஆனால் கதையாக நிற்பதில்லை.

*

நம்முடைய பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2022-இல் தமிழ்நாடு முழுக்கச் சதுரங்கம்தான் பேச்சு. மாஸ்கோவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் இடம் மாறி நமக்கு வந்தது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி சட்டை கட்டிக் கும்பிடு போட்ட குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். தொடக்க விழாவில் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் பேச்சு வந்தது. மன்னார்குடிப் பக்கத்துக் கோயில். சிவன் அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்துகொண்டார் என்பது தலபுராணம்.

அழகான விஷயங்கள்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் புராணத்திலும் இரண்டே பேர், ஒரே பலகை. 'தம்பி'யும் ஒற்றைக் குதிரை. நடக்கப்போவது அணிப்போட்டி என்பதை இந்த விளம்பரங்களை மட்டும் பார்த்த ஒருவர் கண்டுபிடித்திருக்க முடியாது.

பழைய நினைவும் அப்படித்தான். மேனுவல் ஆரோன் 1960-இல் லைப்ஸிக்கில் முன்னாள் உலக சாம்பியன் யூவேயை வென்றதைச் சதுரங்கம் தெரிந்த ஒவ்வொருவரும் சொல்வார்கள். அடுத்த வருஷம் அவர் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். லைப்ஸிக்கில் நடந்தது ஒலிம்பியாட், அன்று அவர் பக்கத்தில் இன்னும் மூன்று இந்தியர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த ஜூலையில் அரசுப் பள்ளிகளில் பள்ளி அளவில், வட்டார அளவில், மாவட்ட அளவில் என்று போட்டிகள் நடந்தன. என் அக்கா மகனும் ஆடினான். வட்டாரப் போட்டியில் இரண்டாவது சுற்றில் தோற்றான். ராணியைப் போகிற போக்கில் விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து போர்டை மடித்துப் பரணில் வைத்தான். "எனக்கு வராது மாமா" என்றான். அவ்வளவுதான். நான் ஆறுதல் சொன்னேன். விஸ்வநாதன் ஆனந்தும் தோற்றிருக்கிறார் என்றேன். ஒரு மேதையின் கதையில் அடிபட்டவனுக்கு இன்னொரு மேதையின் கதையை மருந்தாகக் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்யவில்லை.

அவன் ஆடியது தனிநபர் போட்டி. தோற்றால் வெளியே. அவன் தோல்வியைத் தாங்கிப்பிடிக்கப் பக்கத்துப் பலகை என்று ஒன்று அங்கே இல்லை. அதனால்தான் டீக்கடையில் அந்த இரண்டுக்கு இரண்டு அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குத் தெரிந்த சதுரங்கத்தில் தோற்றால் தோற்றதுதான்.

அன்று எனக்கு உதவியது கபடி. எங்கள் பக்கம் கொள்ளிடக்கரை ஊர்களில் கபடி தெரியாத பையன் கிடையாது. "பாடிப் போனவன் புடிபட்டுட்டான்னா என்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"வெளிய போவணும்."

"அப்பறம்?"

"நம்ம ஆளு யாராச்சும் அவங்க ஆள அவுட் பண்ணா உள்ள வரலாம்."

"அதான்டா. குகேஷ் புடிபட்டாரு. பிரக்ஞானந்தா உள்ள கொண்டாந்துட்டாரு."

அவன் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். "இத முன்னயே சொல்லக்கூடாதா? ரெண்டு மணி நேரமா என்னா எழவுன்னே புரியல" என்றார்.

*

உவமையை நீட்டிக்கொண்டே போகக்கூடாது. கபடியில் திரும்பி வருகிறவன் உண்மையாகவே திரும்பி வருகிறான். மறுபடி பாடலாம், மறுபடி பிடிக்கலாம். சதுரங்கத்தில் குகேஷின் ஆட்டம் திரும்பி வராது. அவர் பெயருக்கு நேரே அந்தச் சைபர் அப்படியேதான் இருக்கும். அணிதான் உயிரோடு இருக்கிறது, அவர் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் அணிச் சதுரங்கத்தின் விசித்திரம். எழுதக் கஷ்டமாக இருப்பதும் இதனால்தான்.

இன்னொரு விதி இதைவிட விசித்திரம். அணியின் தலைவர் அரங்கில் நிற்கலாம். பலகைகளைப் பார்க்கலாம். ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. டிரா கேள், டிராவை ஏற்றுக்கொள், ஆட்டத்தை விட்டுக்கொடு என்கிற மாதிரி முடிவைப் பற்றி மட்டும்தான், அதுவும் வரையறைக்கு உட்பட்டு, சொல்லலாம். குதிரையைக் காப்பாற்று என்று சொல்ல முடியாது. நான்கு பேரும் ஒருவருக்கொருவர் உதவ முடியாது. எழுந்து நடக்கும்போது பக்கத்துப் பலகையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் அவர்கள் ஆட்டத்தை மாற்றுகிறது. பக்கத்தில் நம் ஆள் தவிக்கிறான் என்று தெரிந்தால் கையிலிருக்கும் டிராவை விட்டுவிட்டு வெற்றிக்குப் போக வேண்டும். பக்கத்தில் வென்றுவிட்டான் என்றால் தன் ஆசையை அடக்கிச் சமனுக்கு இறங்க வேண்டும். ஒரு நகர்வு சரியா தப்பா என்பது அந்தப் பலகையை மட்டும் பார்த்தால் தெரியாது.

அப்படியானால் குகேஷ் டிராவுக்குப் போகாதது தப்பா? கணினியைக் கேட்டால் தப்பு. அணிக் கணக்கைக் கேட்டாலும் தப்பு. அவர் டிரா செய்திருந்தால் இரண்டரைக்கு ஒன்றரை, அணிக்கு இன்னொரு புள்ளி. கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மேனியாவும் 19 புள்ளிகளில் நின்றன. நுண்கணக்கில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மேனியாவுக்கு வெள்ளி. நம் இரண்டாவது அணி 18, வெண்கலம். ஒரு புள்ளியைக் கூட்டிக் கழித்துத் தங்கத்தைக் கையில் கொடுத்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பத்தாவது சுற்றின் முடிவு மாறினால் பதினோராவது சுற்றில் யாருக்கு யார் என்பதே மாறியிருக்கும். அந்தக் கணக்கு மனசை வருத்திக்கொள்ளத்தான் உதவும்.

கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. பதினோராவது தரவரிசையில் தொடங்கிய ஒரு இளைஞர் அணியைப் பத்தாவது சுற்றில் அந்த மேசைக்குக் கொண்டுவந்ததே டிராவுக்கு இறங்காத அந்தக் குணம்தான். எட்டு நாள் அதைக் கொண்டாடிவிட்டுப் பத்தாவது சுற்றில் அதையே குற்றம் என்று சொல்வது நியாயமில்லை. மறுநாள் அந்த அணி ஜெர்மனியை மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. குகேஷ் அன்று டிரா. அவர் தவறியதற்கு மற்றவர்கள் கைகொடுத்தார்கள், அவர் அதைப் பெற்றுக்கொண்டார். முதல் எட்டு நாளும் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அணி என்றால் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

*

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியாவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் தங்கம். அதே வருஷம் டிசம்பர் 12, சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன்.

உடனே மாமல்லபுரத் தோல்வி அந்தக் கதையின் முதல் அத்தியாயமாக மாறிவிட்டது. விழுந்தான், எழுந்தான், வென்றான். யூடியூபில் அந்தப் பழைய படத்தையும் சிங்கப்பூர்க் கண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய காணொளிகள் வந்தன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தோல்விக்கு அர்த்தம் வர உலக சாம்பியன் ஆகித்தான் தீர வேண்டும் என்றால் மற்ற எல்லோருடைய தோல்விக்கும் என்ன அர்த்தம்? வட்டாரப் போட்டியில் இரண்டாவது சுற்றில் ராணியை விட்டவன் ஒருநாளும் சிங்கப்பூர் போகப்போவதில்லை. அவனுக்கு அந்தக் கதையில் இடம் எங்கே?

சிங்கப்பூரில் நடந்ததையும் பாருங்கள். பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில் டிங் 55-ஆவது நகர்வில் ஒரு யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். அன்று மாமல்லபுரத்தில் குகேஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது டிங். அங்கே அணி இல்லை. டிங்குக்குப் பக்கத்துப் பலகையில் ஒருவரும் ஆடவில்லை. வென்ற குகேஷ் அழுதார். அழுதபடியே காய்களை எடுத்துப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். பலரும் அதை மரியாதை என்றார்கள், பழக்கம் என்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவரின் நிலைமை அந்த அரங்கில் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இது என் வாசிப்பு மட்டும்தான்.

தமிழில் சதுரங்கத்தை வைத்து ஒரு நாவல் வர வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனந்தையோ குகேஷையோ மாதிரி ஒருவனை நாயகனாக வைத்து யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். எனக்குப் படிக்க ஆசையாக இருப்பது வேறு. மூன்றாவது பலகைக்காரனின் கதை. பக்கத்தில் எல்லாக் கேமராவும் வேறொருவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி, வென்று, அந்த வெற்றி சமன் செய்ய மட்டுமே போதுமானது என்று தெரிந்து எழுந்துபோகிறவனின் கதை. பைத்தியம் பிடிக்காத, ஜன்னலில் குதிக்காத ஒருவனை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம்தான். அதற்காக விட்டுவிட முடியாது.

அந்த வருஷ ஆயுத பூஜை விடுமுறையில் அக்கா மகன் பரணிலிருந்து போர்டை இறக்கினான். தெருப் பையன்கள் நாலு பேர், அடுத்த தெருப் பையன்கள் நாலு பேர். நாலு போர்டு கிடைக்கவில்லை, மூன்றுதான் கிடைத்தது. நாலாவதை அட்டையில் கட்டம் போட்டுச் செய்துகொண்டார்கள். திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஆடினார்கள். அவன் தோற்றான், மறுபடியும் ராணியை விட்டுத்தான். தோற்றுவிட்டு எழுந்து போகவில்லை. நாலாவது பலகைக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கக் கூடாது என்று அவனே விதி போட்டிருந்தான். ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு நின்றான்.